நிலைமொழி நோக்காத வருமொழி

அத்திப்பட்டின் அனல்மின் நிலையத்தில் கண்ட கரியையெல்லாம் கொதிகலனில் கொட்டுவதில்லை. ஒடிசா மாநிலத்துத் தால்சேர்ச் சுரங்கங்களில் அகழ்ந்தெடுத்த நிலக்கரி, பாரதீப்புத் துறைமுகத்தில் கப்பலேறி, எண்ணூரில் உள்ள காமராசர் துறைமுகத்தில் இறங்கி, நகர்பட்டைகளின்மேல் ஊர்ந்து நிலையத்தை அடைகிறது. அதன் சாம்பல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, எரிவெப்பம் எவ்வளவு என்று அளந்தறிகின்றனர். வெளிநாட்டுக் கரி வந்தால் உள்நாட்டுக் கரியோடு அளவறிந்து கலக்கின்றனர். ஒவ்வொரு கொதிகலனும் இன்ன தன்மையுள்ள கரிக்கு என்று வடிவமைக்கப்பட்டிருப்பதே இதற்குக் கரணியம். 1994ஆம் ஆண்டில் முதல் 210 மெகாவாட்டு அலகு இயங்கத் தொடங்கிய நாள்முதல், 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டு அலகு தொடங்கி வைக்கப்பட்டது வரை, அங்கே மாறாத நெறி இதுவே: வருவது எதுவாயினும், ஏற்பதன் இயல்பை முதலில் நோக்குக!

நிலக்கரிக்குக் காட்டும் இந்த மதிப்பைத் தமிழ்ப் பிள்ளைகளின் கைக்குப் போகும் கணினிகளுக்கும், தமிழ்நாட்டு அலுவலகங்களின் கணினிகளுக்கும் எவரேனும் காட்டுகின்றனரா? அங்கே ஏற்றப்படும் மென்பொருள், அந்தக் கணினியை ஆளப் போகும் மக்களின் மொழிக்குப் பொருந்துமா என்று எவரேனும் அளந்து பார்த்ததுண்டா? தமிழ்மக்கள் கேட்க வேண்டிய கேள்வி இது.

பொதியும் பொதிச்சீட்டும்

மென்பொருள் இக்காலத்தில் கட்டுக்கட்டாக வருகிறது. ஒரு மென்பொருளுக்கு வேண்டிய கோப்புகள் அனைத்தையும் திரட்டிக் கட்டிய கட்டுக்குப் பொதி என்று பெயரிடலாம். துறைமுகத்தில் இறங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு சீட்டு இருப்பதுபோல் ஒவ்வொரு பொதிக்கும் ஒரு சீட்டு உண்டு. இப்பொதி எந்த வகைச் செயலிக்கு உரியது, எந்த இயங்குதளத்தின் எந்தப் பதிப்பில் ஓடும், எவ்வளவு இடம் கொள்ளும், வேறெந்தப் பொதிகள் முன்பே இருந்தாக வேண்டும், எந்தப் பொதிகளோடு ஒத்து வாழாது என்பனவெல்லாம் அதில் எழுதப்பட்டிருக்கும்.

ஒரு கணினியாயின் வல்லுநர் ஒருவர் அமர்ந்து, சீட்டைப் படித்துப் பார்த்துப் பொதியை நிறுவலாம். பத்தாயிரம் கணினிகளாயின் அது கைகூடாது. ஆகவே, நிறுவும் வேலையைப் பொறியே செய்யுமாறு அமைத்துள்ளனர். தானே நிறுவும் அந்த ஏற்பாடு, முதலில் இலக்குக் கணினியை உசாவுகிறது: உன் செயலி எது? 32 நுண்மியா, 64 நுண்மியா? உன் இயங்குதளம் எது? உன்னிடம் முன்பே உள்ளவை எவை? கிடைத்த விடைகளைப் பொதிச்சீட்டோடு ஒப்பிட்டு, பொருந்தும் பொதியைத் தேர்ந்தெடுத்து, எது முன் எது பின் என வரிசைப்படுத்தி நிறுவுகிறது. பொருந்தாவிடின் நின்றுவிடுகிறது, நின்றுவிட வேண்டும்.

நில்லாமற்போனால் என்ன நேரும் என்பதை 2024 சூலை 19ஆம் நாள் உலகம் கண்டது. கிரௌடுசுட்ரைக்கு என்னும் அமெரிக்கக் காவல் மென்பொருள் நிறுவனம் விண்டோசுக் கணினிகளுக்குப் புதிய செய்திக்கோப்பு ஒன்றைத் தானே பரவுமாறு அனுப்பியது. அக்கோப்பு 21ஆம் கட்டத்தில் ஒரு மதிப்பை எதிர்பார்த்தது. கணினிகளில் முன்பே இருந்த நிரலோ 20 கட்டங்களுக்குரிய மதிப்புகளையே தந்தது. இல்லாத கட்டத்தைத் தேடிச் சென்ற கணினிகள் விழுந்தன. ஏறத்தாழ 85 இலக்கம் கணினிகள் முடங்கின. மருத்துவமனைகளும் வைப்பகங்களும் தடுமாறின. இந்திய வானூர்தி நிலையங்களில் ஏறுசீட்டைக் கையால் எழுதித் தந்தனர். இலினக்சுக் கணினிகளும் ஆப்பிள் கணினிகளும் தப்பின, அக்கோப்பு அவற்றுக்குரியதன்று. ஒரே ஒரு கட்டம் பொருந்தாமையின் விளைவு இத்துணை! முதலில் சில கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துப் பிறகு பலவற்றுக்கு அனுப்பியிருந்தால், கேடு சிறிதாகவே முடிந்திருக்கும்.

இலக்கணம் முன்பே கற்பித்த பாடம்

இந்தப் பொருத்தம் பார்க்கும் அறிவு தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கணினியைக் கண்டார் என்று வெற்றுப் பெருமை பேசுவதற்காக இது கூறப்படவில்லை. தமிழிலக்கணம் கற்ற எவர்க்கும் இதன் உட்பொருள் எளிதில் விளங்கும் என்பதற்காகவே கூறப்படுகிறது. சொல்லும் சொல்லும் சேருங்கால் முன்நிற்பது நிலைமொழி. வந்து சேர்வது வருமொழி. நிலைமொழியின் ஈறு எது, வருமொழியின் முதல் எது என்று இரண்டையும் நோக்காமல் புணர்ச்சி இல்லை.

இரண்டும் மாறுதலின்றிச் சேர்வது இயல்புப் புணர்ச்சி. பொதி, இருந்தபடியே கணினியில் அமர்ந்து இயங்குவது அதனை ஒக்கும். ‘பூ’வும் ‘கொடி’யும் சேருமிடத்துப் ‘பூங்கொடி’ என நடுவில் ஓர் எழுத்துத் தோன்றுகிறது. பொதிக்குத் துணையாக இன்னொரு பொதி வந்து சேர்வது அதனை ஒக்கும். ‘பொன்’னும் ‘குடம்’உம் ‘பொற்குடம்’ எனத் திரிகின்றன. அமைப்புக் கோப்பில் ஒரு மதிப்பை மாற்றி இசைவிப்பது அதனை ஒக்கும். ‘மர’மும் ‘வேர்’உம் ‘மரவேர்’ என ஓர் எழுத்தை இழக்கின்றன. ஒவ்வாத பழைய பொதியை நீக்கிப் புதியதை நிறுவுவது அதனை ஒக்கும். தோன்றலும் திரிதலும் கெடுதலும் எவருடைய விருப்பத்தாலும் நிகழ்வன அல்ல. நிலைமொழியின் இயல்பால் நிகழ்வன. நிலைமொழியைப் பாராமல் வருமொழியைத் திணிப்பவன் இலக்கணம் அறியாதவன்.

சீட்டில் விடுபட்டது

தானே நிறுவும் பொறி செயலியைக் கேட்கிறது; பதிப்பைக் கேட்கிறது; இடத்தைக் கேட்கிறது. ‘இக்கணினியை ஆளப் போகிறவர் எந்த மொழியினர்?’ என்று கட்டாயமாகக் கேட்பதில்லை. மொழி அதன் கணக்கில் அணிகலன், உறுப்பன்று.

இதற்குப் பொதிச்சீட்டே சான்று. உலகெங்கும் பரவியுள்ள தெபியான் இயங்குதளத்தின் பொதிச்சீட்டில், ஒரு பொதிக்குத் துணையாக வேண்டியவற்றை மூன்று படிகளாக எழுதுகின்றனர். முதற்படி, ‘இன்றியமையாதவை’, இவை இல்லாமல் பொதி நிறுவப்படாது. இரண்டாம் படி, ‘பரிந்துரைக்கப்படுபவை’. இவை பொதுவாக உடன் வரும், ஆனால் நிறுவுபவர் விலக்கிவிடலாம். மூன்றாம் படி, ‘குறிப்பாகச் சுட்டப்படுபவை’. கேட்டாலன்றி இவை வாரா. தமிழ் முகப்பு, தமிழ்ப் பிழைதிருத்தி போன்றவை தனித்தனிப் பொதிகளாகவே கிடக்கின்றன. எந்த முதன்மைப் பொதியும் அவற்றை முதற்படியில் வைத்துக் கேட்பதில்லை. நிறுவும் தொடக்கத்திலேயே தமிழைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ச் சூழலுக்குரிய தொகுதி தானே வந்து சேரும். ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்தாலோ அது எட்டியும் பாராது.

விண்டோசின் கதையும் இதுவே. 2001இல் வெளிவந்த விண்டோசு எக்சு-பி பதிப்பில் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் ஏந்து வட்டில் இருந்தும், கணினியில் தானாக ஏறவில்லை. அமைப்புப் பட்டியலுக்குள் புகுந்து, உரிய கட்டத்தில் குறியிட்டு, நிறுவுவட்டை மீண்டும் செருகினால்தான் வந்தது. வட்டைத் தேடி எடுக்க எத்தனை அலுவலகத்தாரால் இயன்றிருக்கும்? விண்டோசு 7 பதிப்பின் தமிழ் முகப்புப் பொதியோ ஆங்கிலப் பதிப்பின்மேல் போர்த்தும் போர்வையாகவே வழங்கப்பட்டது. அடித்தளம் ஆங்கிலம், மேற்பூச்சே தமிழ்.

தமிழ் மூன்றாம் படியில் கிடப்பதால் விளையும் கேடு கண்ணுக்குத் தெரிவதும் உண்டு, தெரியாததும் உண்டு. தெரிவது எழுத்துருக் கேடு. அலுவலகத்துக்கு ஒரு குறியேற்றமும், அச்சகத்துக்கு ஒரு குறியேற்றமும் ஆண்ட காலத்தில், ஓரிடத்தில் தட்டெழுதிய தமிழ்க் கடிதம் மற்றோரிடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பையாய்த் தோன்றியதை அறியாதார் இலர். தமிழ்நாட்டரசு 2010 சூன் திங்களில் ஒருங்குறியையும், அதனோடு 16 நுண்மி அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் அரசின் செந்தரமாக ஆணையிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999ஆம் ஆண்டிலேயே செந்தரமாயிற்று. ஆணை இருந்தும் கணினி அதனை அறியாவிடின் என்ன பயன்? ஆணை தாளில் இருக்கிறது. கணினியோ பொதிச்சீட்டைத்தான் படிக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத கேடு அகரவரிசைக் கேடு. கபிலன், கயல்விழி, கலைச்செல்வி, கவின், கனிமொழி என்று ஐந்து மாணவர் பெயர்கள் உள்ளன எனக் கொள்வோம். தமிழ் நெடுங்கணக்கின்படி இவ்வரிசையே முறையானது. னகரம் மெய்களின் கடைசியில் நிற்பது. ஆனால் ஒருங்குறிப் பட்டியலில் னகரம் நகரத்தை அடுத்து, பகரத்துக்கு முன்னர் வைக்கப்பட்டுள்ளது. தமிழ் வரிசைமுறையை அறியாத கணினி வெறுங் குறியெண்ணைக் கொண்டே அடுக்கும். அங்கே கடைசியில் நிற்க வேண்டிய கனிமொழி முதலில் வந்து நிற்பாள். ‘அக்கா’வுக்குப் பின் வரவேண்டிய ‘அகம்’ முன் வந்து நிற்கும். தொல்காப்பியர் காலந்தொட்டு வரும் எழுத்துமுறை ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டில் சத்தமின்றிக் கலைகிறது. எந்தப் பொறியும் எச்சரிக்கை ஒலி எழுப்புவதில்லை. செயலி பொருந்தாவிடின் நின்றுவிடும் பொறி, தமிழ் பொருந்தாவிடினும் ‘நிறுவல் வெற்றி’ என்றே எழுதிச் செல்கிறது!

இவ்வளவுக்கும் தமிழுக்குரிய சூழற்குறிகள் உலகச் செந்தரத்தில் இல்லாமல் இல்லை. இந்தியத் தமிழ், ஈழத்தமிழர் வாழும் இலங்கைத் தமிழ், மலேசியத் தமிழ், சிங்கப்பூர்த் தமிழ் என நான்கு நாட்டுத் தமிழுக்கும் தனித்தனிக் குறிகள் வகுக்கப்பட்டுள்ளன. அந்தந்த நாட்டு நாணயக் குறிக்கு ஏற்ப அவை வேறுபடுகின்றன. கருவி இருக்கிறது, எடுத்தாளும் மனந்தான் இல்லை.

ஒரு வரி, பல இலக்கம் கணினிகள்

2011 செபுதம்பர் 15ஆம் நாள், அத்திப்பட்டு அமைந்துள்ள அதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில், அன்றைய முதல்வர் செயலலிதா மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். முதற்கட்டத்தில் 9 இலக்கத்துக்கும் மேற்பட்ட மாணவர்க்கு எனத் திட்டமிடப்பட்டது. அக்கணினிகளில் விண்டோசோடு, ‘பாசு’ என்னும் இந்திய இலினக்சு இயங்குதளமும் ஏற்றப்பட்டது. பாசு, தெபியானை அடிப்படையாகக் கொண்டு சென்னையிலுள்ள சி-டாக்கு நடுவத்தில் உருவாக்கப்பட்டு 2007இல் வெளிவந்தது. 2014 ஏப்பிரல் 8ஆம் நாளோடு எக்சு-பி பதிப்புக்கான காப்பு முடிவுற்றபோது, பாசுக்கு மாறுமாறு தமிழ்நாட்டரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியதும் உண்டு. பாராட்டத்தக்க முயற்சிகள் இவை. சென்னையில் பிறந்த அவ்வியங்குதளத்தின் பதிப்புகளுக்குத் ‘தரங்கு’, ‘அனந்து’, ‘அனோக்கா’, ‘உன்னதி’ என்று வடமொழியிலும் இந்தியிலுமே பெயரிட்டார்கள் என்பதைத் தமிழர் குறித்துக்கொள்ள வேண்டும். ஆயினும் பெயரைவிடப் பெரியது ஒன்றுண்டு.

இலக்கக்கணக்கான கணினிகளில் எவரும் ஒவ்வொன்றாக மென்பொருள் ஏற்றுவதில்லை. ஒரே ஒரு கணினியில் எல்லாவற்றையும் செவ்விதின் அமைத்து, அதனை முதற்படியாக வைத்து, மற்றவற்றிலெல்லாம் அச்சுப்போல் பதிக்கின்றனர். அல்லது, நிறுவும் பொறி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடைகளை முன்பே ஒரு கோப்பில் எழுதி வைத்துவிடுகின்றனர். அந்த விடைக்கோப்பில் மொழிக்கென்று ஒரு வரி உண்டு. அதில் ஆங்கிலம் என்று எழுதினால் பல இலக்கம் கணினிகளும் ஆங்கிலக் கணினிகள். தமிழ் என்று எழுதினால் அனைத்தும் தமிழ்க் கணினிகள். அந்த ஒரு வரியை எழுதும் கை எவருடையது? எந்தச் சட்டமன்றத்தில் அது ஆயப்பட்டது? எந்தத் தமிழறிஞரைக் கேட்டு அது எழுதப்பட்டது? 1956இல் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றிய நாட்டில், ஆட்சிமொழியைத் தீர்மானிக்கும் வரியைப் பெயரறியாத் தொழில்நுட்பர் ஒருவர் பழக்கத்தால் தட்டிவிட்டுப் போவது முறையாகுமோ?

அரசு 2025 மார்ச்சில் தன் வரவுசெலவுத் திட்டத்தில், கல்லூரி மாணவர் 20 இலக்கம் பேர்க்கு இரண்டாண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று அறிவித்தது. இருபது இலக்கம் நிலைமொழிகள்! அவற்றில் வந்து சேரும் வருமொழி எது என்பதில் தமிழியக்கத்தார் கருத்துச் செலுத்தாமல், மேடையில் மட்டும் தமிழ் வாழ்க என்று முழங்குவது போதாது.

எதிர்க்கருத்தும் விடையும்

‘மாணவர் ஆங்கிலத்தையே விரும்புகின்றனர், அவர்மேல் தமிழைத் திணிக்கலாமா?’ என்பர் சிலர். ஆங்கிலத்தை அகற்றச் சொல்வார் எவருமிலர். விரும்புவோர் ஒரு சொடுக்கில் ஆங்கிலத்துக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் தமிழை வேண்டுவோர் தேடி அலைய வேண்டும், ஆங்கிலத்தை வேண்டுவோர்க்கு அது தானே வந்து நிற்கும் என்பதுதான் திணிப்பு. தேர்வுரிமை என்பது இரண்டும் ஏறியிருக்கும் கணினியில்தான் உண்டு. ஒன்று ஏறாத கணினியில் இல்லை.

‘தமிழ்ப் பொதிகள் இடத்தை அடைத்துக்கொள்ளும், செலவு மிகும்’ என்பர் வேறு சிலர். ஒரு தமிழ் எழுத்துருக் கோப்பு, கைப்பேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுகூட இராது. தமிழ் இணையக் கல்விக்கழகம் தமிழ் எழுத்துருக்களையும் விசைப்பலகை மென்பொருளையும் விலையின்றியே வழங்கியுள்ளது. செலவு என்பது சாக்கு.

‘மென்பொருளின் தமிழ் மொழிபெயர்ப்பு அரைகுறையாக உள்ளது; ஓரிடத்தில் கோப்பு என்பதை மற்றோரிடத்தில் ஆவணம் என்கிறது’ என்பது மூன்றாவது கருத்து. இதில் உண்மை உண்டு, மறுக்க வேண்டுவதில்லை. தெபியானுக்கும் நெருப்புநரி உலாவிக்கும் இலிப்ரே அலுவல் தொகுப்புக்கும் தமிழாக்கம் செய்தவர்கள் பெரும்பாலும் கூலியை நோக்காத தன்னார்வலர். அவர்கள் தோளில் சுமையை ஏற்றிவிட்டுத் தமிழாசிரியர்களும் புலவர்களும் விலகி நின்றனர். கலைச்சொல் நூல்கள் பல எழுதியவர்கள், அக்கலைச்சொற்கள் திரையில் ஏறுகின்றனவா என்று பார்க்கவில்லை. குறை மென்பொருளில் மட்டுமில்லை, தமிழரிடத்தும் உண்டு. ஆனால் குறையைக் காட்டி விலக்கினால் அது என்றும் நிறையாது. புழக்கத்தில் விட்ட நாணயந்தான் தேய்ந்து பளபளக்கும். பேழையில் வைத்தது களிம்பேறும்.

வேண்டுவன

இவ்வளவும் கூறியதன் நோக்கம் புலம்பல் அன்று. செய்யத்தக்கவை தெளிவானவை, எளியவை.

ஒன்று: தமிழ்நாட்டரசும் அதன் நிறுவனங்களும் கணினி வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தப்புள்ளியிலும் ஒருங்குறித் தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, தமிழ் அகரவரிசை, தமிழ்ப் பிழைதிருத்தி, தமிழ் முகப்பு ஆகிய ஐந்தும் ‘இன்றியமையாதவை’ என்னும் முதற்படியில் எழுதப்பட வேண்டும். பரிந்துரையும் வேண்டா, குறிப்பும் வேண்டா.

இரண்டு: தானே நிறுவும் பொறி, செயலியையும் பதிப்பையும் உசாவுவது போலவே இவ்வைந்தையும் உசாவ வேண்டும். ஒன்று குறைந்தாலும் ‘நிறுவல் தோல்வி’ என்று நின்றுவிட வேண்டும். கபிலன் முதல் கனிமொழி வரை ஐந்து பெயர்களை அடுக்கச் சொல்லிப் பார்த்தாலே போதும். கணினி தமிழ் அறிந்ததா இல்லையா என்பது நொடியில் விளங்கிவிடும்.

மூன்று: விடைக்கோப்பின் மொழிவரியில் தமிழே நிற்க வேண்டும். கணினியை முதன்முதலில் திறக்கும் மாணவரை அது தமிழில் வரவேற்க வேண்டும்.

நான்கு: இலக்கக்கணக்கில் பதிப்பதற்கு முன்னர், முதற்படிக் கணினிகள் சிலவற்றை ஊர்ப்புறக் கல்விக்கூடங்களில் வைத்து ஆய்ந்து பார்க்க வேண்டும். அத்திப்பட்டு, மீஞ்சூர், எண்ணூர்ப் பகுதி மாணவர்களே அதற்குத் தக்க நடுவர்கள். நாட்டுக்கு மின்னொளி தரும் ஊர்களின் பிள்ளைகளுக்குத் திரையில் தமிழ் ஒளிர்கிறதா என்று பார்க்கும் உரிமையேனும் வேண்டாமா? கிரௌடுசுட்ரைக்கு நிறுவனம் கற்ற பாடம், பிறர் பட்டு அறிந்ததாகவே தமிழர்க்குப் பயன்படட்டும்.

ஐந்து: ஏற்புக்குழுவில் தொழில்நுட்பரோடு தமிழாசிரியர் ஒருவரும் அமர வேண்டும். எழுத்து உடைகிறதா, சொல் பிழைபட்டதா, வரிசை கலைந்ததா என்பதைக் காண இலக்கணம் அறிந்த கண் வேண்டும்.

தமிழியக்கத்தார்க்கும் ஒரு கடமை உண்டு. ஊர்தோறும் உள்ள தமிழ் மன்றங்கள், தம் ஊர்ப் பள்ளியிலும் ஊராட்சி அலுவலகத்திலும் உள்ள கணினிகளில் தமிழ் முறையாக ஏறியிருக்கிறதா என்று கேட்டறிய வேண்டும். ஏறாத இடத்தில் உரியவர்க்கு எழுத வேண்டும். தமிழ் கற்ற இளைஞர் தமிழாக்கப் பணியில் தன்னார்வலரோடு தோள்கொடுக்க வேண்டும். கல்வெட்டில் எழுத்தை வெட்டியவன் ஒருவன். ஓலையில் கீறியவன் ஒருவன். ஈயத்தில் வார்த்தவன் ஒருவன். ஒவ்வொரு காலத்திலும் எழுதுபொருளின் இயல்பறிந்து தமிழைப் பொருத்தித் தந்தவன் இருந்தான். ஆதலால்தான் தமிழ் இருக்கிறது. இக்காலத்தின் எழுதுபொருள் கணினி. அதன் பொதிச்சீட்டில் தமிழை எழுதுவது இக்காலத் தமிழனின் கடன்.

நிலைமொழி தமிழ்நாடு. இங்கே வந்து சேரும் வருமொழி எதுவாயினும், எந்நாட்டு நிறுவனத்தின் பொதியாயினும், நிலைமொழியின் இயல்புக்கு இசைந்தே புணர வேண்டும். இதுவே இலக்கணம். தமிழை மூன்றாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏற்றுக! அதுவரை எந்த நிறுவலும் நிறைவுற்றதாகாது.